இரண்டாம் பக்கம்

போன மாதம் எங்கள் கண்டெய்னர் யார்டு ஆபீசிலிருந்து கடைசிக் கறுப்புத் திரைக் கம்ப்யூட்டரையும் கழற்றிக்கொண்டு போனார்கள். கழற்ற வந்தவர்கள் அதைப் பழைய கிரைண்டரைத் தூக்குவதுபோல் தூக்கிக் குட்டி யானை வண்டியின் பின்னால் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். வயர் தரையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் போய் அதைச் சுருட்டி உள்ளே வைத்தேன். எனக்குச் சுருக்கென்று இருந்தது. இருக்காதா பின்னே? கட்டிய புருஷனின் முகத்தைவிட அதிக நேரம் நான் அந்தத் திரையைத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போது மேசைமேல் இருப்பதில் எல்லாம் நீலமும் பச்சையுமாகப் பளபளக்கிறது. ஒரு கண்டெய்னர் உள்ளே வந்தது என்று பதிய, மவுசைப் பிடித்து ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். அது வட்டம் போட்டுச் சுற்றிச் சுற்றி யோசிக்கும். யோசித்து முடித்த பிறகு இன்னொரு பட்டன் காட்டும். "நிச்சயமாகவா?" என்று கேட்கும். நிச்சயமில்லாமலா வெயிலில் லாரியை நிறுத்தி வைத்திருக்கிறோம்? பத்து விரலும் நன்றாக இருக்கும்போது ஒற்றை விரலால் சமைக்கச் சொன்ன மாதிரி இருக்கிறது எனக்கு.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்வது யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டரின் வெறும் எழுத்துத் திரை. கறுப்புப் பரப்பு, வெள்ளை எழுத்து, கண் சிமிட்டும் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். படம் கிடையாது, ஜன்னல் கிடையாது. நாம் ஏதாவது அடித்தால் அது பதில் சொல்லும். அடிக்காவிட்டால் தன் பாட்டுக்குச் சும்மா இருக்கும். அப்படி மரியாதையாக நடந்துகொண்ட மனிதர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதற்குள் ஒன்றல்ல, ஆறு திரைகள். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு மேல் வரிசையில் எஃப் ஒன்றை அழுத்தினால் முதல் திரை, எஃப் இரண்டை அழுத்தினால் இரண்டாம் திரை. ஒன்றில் உள்ளே வரும் வண்டி, ஒன்றில் வெளியே போகும் வண்டி, ஒன்றில் கப்பல்காரர்களுக்கான கடிதம் என்று ஆளுக்கொரு பழக்கம் வைத்திருந்தோம். என் ஆறாவது திரை எப்போதும் என் சொந்த உபயோகத்துக்கு. கடவுச்சொல் அடிக்கும்போது அது ஒரு புள்ளிகூடக் காட்டாது. புதிதாகச் சேருகிறவர்கள் கீபோர்டு கெட்டுவிட்டது என்று முதல் நாளே புகார் கொண்டுவருவார்கள். "அடிச்சுக்கினேதான் கீறேன், ஒண்ணும் வர்லியே" என்பார்கள். வராது, நீ பாட்டுக்கு அடி என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது.

கீபோர்டைப் பற்றி மட்டும் சொன்னால் மவுசு கோபித்துக்கொள்ளும். எழுத்துத் திரையில் மவுசுக்கு என்ன வேலை என்று எல்லோரும் கேட்பார்கள். வேலை இருந்தது. அதை நகர்த்தினால் அம்புக்குறி வராது. ஓர் எழுத்தின் அளவுக்கு வெள்ளைக் கட்டம் ஒன்று திரையில் ஓடும். இடது பட்டனை அழுத்தியபடி ஒரு வரிமேல் இழுத்தால், இழுத்த இடமெல்லாம் வெள்ளையாகும். விரலை எடுத்த உடனே அந்த வரி மவுசின் ஞாபகத்தில் ஏறிவிடும். காப்பி, பேஸ்ட் என்று எந்தச் சடங்கும் இல்லை. நடுவில் இருக்கும் சக்கரத்தை ஓர் அமுக்கு அமுக்கினால், எடுத்ததெல்லாம் கோடு சிமிட்டும் இடத்தில் வந்து விழும். அதிலும் ஓர் அழகு, ஒரு திரையில் எடுத்ததை இன்னொரு திரைக்குப் போய் இறக்கலாம். நான்கு எழுத்தும் ஏழு எண்ணுமாக இருக்கிற கண்டெய்னர் நம்பரை ஒரு தடவை அடித்தால் போதும், மிச்ச இடத்துக்கெல்லாம் மவுசே சுமந்துகொண்டு போய்விடும்.

சுமக்கக் கூடாததையும் சுமக்கும். ஒரு சனிக்கிழமை ஆறாவது திரையில் மறுநாள் வாங்க வேண்டியவற்றை ஆங்கில எழுத்தில் வரிசையாக அடித்து வைத்திருந்தேன். இஞ்சி, பூண்டு, வஞ்சிரம், அம்மாவுக்குத் தைலம். எதையோ எடுக்கப் போய் அதை எடுத்து, முதல் திரைக்குப் போய்ச் சக்கரத்தை அமுக்கிவிட்டேன். அங்கே கட்டளைக்காகக் காத்திருந்த கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியையும் ஓர் உத்தரவாக எடுத்துக்கொண்டு பொறுமையாகப் பதில் சொன்னது. இஞ்சி என்று ஒரு கட்டளை கிடையாது. பூண்டு என்று ஒரு கட்டளை கிடையாது. வஞ்சிரம் என்று ஒரு கட்டளை கிடையாது. பின்னால் நின்ற லாரி டிரைவர் படித்துப் பார்த்துவிட்டு, "வஞ்சிரம் காசிமேட்டு மார்க்கெட்டாண்ட போனா கிடைக்கும்னு சொல்லும்மா அதுக்கு" என்றார். அன்றைக்கு முழுவதும் ஆபீசே சிரித்துக்கொண்டிருந்தது.

எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலும் உப்புக் காற்றும் தின்ற கீபோர்டுகள் எத்தனையோ மாறின. மவுசுக்குள் உருண்டை இருந்த காலத்தில் அதைக் கழற்றித் தாவணி முனையால் துடைத்துப் போட்டதும் நான்தான். இதையெல்லாம் நினைத்தால் இப்போது ஏக்கமாக இருக்கிறது. ஆனால் அந்தத் திரையை முதன்முதலில் பார்த்த அன்று எனக்கு அதன்மேல் பிரியம் ஒன்றும் வரவில்லை. என் பிழைப்பில் மண்ணைப் போட வந்த சனியன் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் வீடு ராயபுரத்தில். அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். முதுகுத் தண்டு போய்ப் படுத்துவிட்டார். நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையையும் மூடிவிட்டார்கள். தம்பி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் திருவொற்றியூருக்கு அப்பால் ஒரு யார்டில் டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று தெரிந்தது. ஒரே ஓர் இடம். அந்த வேலை எனக்கு வேண்டும். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் மாதா கோயிலில் மெழுகுத்திரி ஏற்றி வைத்துவிட்டு பஸ் பிடித்தேன். மாதாவிடம் கெஞ்சக்கூட இல்லை, அதட்டிவிட்டுத்தான் வந்தேன்.

அங்கே போனால் எனக்கு முன்னாலேயே ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். எண்ணூர்க் குப்பத்திலிருந்து வந்திருந்தாள். அவளே முதலில் பேசினாள்.

"நீயும் டைப்புக்குத்தான் வந்துகீறியா?"

"ஆமா. நீ?"

"அதான். எங்க வூட்ல படகு கீது, வலை கீது. மீனுதான் இல்ல. ஆத்துல காலை வச்சா சாம்பல்தான் ஏறுது."

அதைக் கேட்டு எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். இவளுக்கும் வேலை வேண்டும்போலிருக்கிறதே என்று எரிச்சல்தான் வந்தது.

யார்டு மேனேஜர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முதலாளிக்குச் சொந்தம். எப்போதும் அவசரத்தில் இருக்கிற மனிதர். எங்களை உள்ளே கூப்பிட்டு, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களின் முன்னால் உட்கார வைத்தார். இரண்டிலும் கறுப்புத் திரை. இருவருக்கும் ஒரே பட்டியலின் நகல் கொடுத்தார். அன்று காலை வெளியே போக வேண்டிய கண்டெய்னர்கள், இரண்டு பக்கம்.

"திரையை நான் தொறந்து வச்சிருக்கேன், நீங்க அடிச்சாப் போதும். வெளிய வண்டியெல்லாம் இதுக்குத்தான் நிக்கி. யாரு ரெண்டு பக்கத்தையும் முதல்ல சரியா முடிக்காங்களோ, அதை பிரிண்ட் எடுத்து வாசல் கேட்டுக்குக் குடுப்பேன். அவங்க நாளைலேருந்து வேலைக்கு வரலாம்" என்றார்.

இந்த இடத்தில் நான் பழகிய முறையைச் சொல்ல வேண்டும். டைப்ரைட்டிங்கில் நான் ஹையர் பாஸ். அங்கே எங்களைப் பழக்கியது இப்படி: விரலைப் பார்க்கக் கூடாது, அடித்ததைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் வைத்திருக்கும் மூலத் தாளை மட்டும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குக் கொஞ்ச நாள் போனேன். அங்கே இருந்தவை வழக்கமான, ஜன்னல் வைத்த கம்ப்யூட்டர்கள். அங்கே ஒரே ஒரு கட்டளையைத்தான் எங்கள் தலையில் ஆணி அடித்து இறக்கினார்கள்: பக்கம் முடிந்ததும் கண்ட்ரோல் விசையோடு எஸ்ஸை அழுத்திச் சேமித்துவிட வேண்டும். ஏனென்றால் எந்த நிமிஷம் கரண்ட் போகும் என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் தயாரிக்கிற இடத்தின் காலடியில் குடியிருந்துகொண்டு கரண்டுக்குப் பயந்து வாழ்வது எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வாய்த்த கொடுப்பினை.

அடிக்க ஆரம்பித்தேன். தாளில் வைத்த கண்ணை எடுக்கவில்லை. முதல் பக்கம் முடிந்தது. கை தன்னாலே போய்க் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் அழுத்தியது. தாளைத் திருப்பி இரண்டாம் பக்கத்தையும் அதே வேகத்தில் அடித்து முடித்தேன். பக்கத்தில் எண்ணூர்க்காரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்திக்கொண்டிருந்தாள்; முதல் பக்கத்தைத் தாண்டிக் கொஞ்சம்தான் வந்திருந்தாள். முடிந்தது என்று நிமிர்ந்து திரையைப் பார்த்தேன்.

முதல் பக்கம் மட்டும் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

ஓர் எழுத்தைத் தட்டிப் பார்த்தேன். வரவில்லை. எண்டரைத் தட்டினேன். கோடு நின்ற இடத்திலேயே நின்றது. மேனேஜர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஒரு பக்கம்தான் இருக்கு?"

"ரெண்டும் அடிச்சிட்டேன் சார்."

"எங்க இருக்கு?"

அவர் குனிந்து இரண்டு மூன்று விசைகளைத் தட்டினார். ஒன்றும் அசையவில்லை. "மிசின் தொங்கிட்டு. இது அப்பப்ப இப்படித்தான். ஆஃப் பண்ணிப் போடுதேன், திரும்ப முதல்லேருந்து அடி" என்றார்.

அந்த நேரத்தில் வாசலிலிருந்து ஒரு டிரைவர் கத்தினார். "இன்னா சார், காலீலேர்ந்து காஞ்சுகினு கீறோம். பேப்பர் குடுப்பியா, மாட்டியா?"

திரும்ப முதலிலிருந்து அடித்தால் எண்ணூர்க்காரி முடித்துவிடுவாள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். என் கை மேசைமேல் கிடந்த மவுசைப் பிடித்துக்கொண்டது. வேறு பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. பிடித்த வேகத்தில் மவுசு நகர்ந்தது. திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் விடுவிடுவென்று ஓடியது.

மேனேஜரின் கை பெட்டியின் பட்டனுக்குப் போய்விட்டது. நான் அந்தக் கையை மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்துவிட்டேன்.

"சார், நிறுத்தாதீங்க. இது சாவல சார். மவுசு ஓடுது பாருங்க."

"கைய விடும்மா."

"ஓடுது சார். உயிரு இருக்கு. நான் அடிச்சது உள்ள எங்கேயோதான் இருக்கும்."

"மவுசு ஓடி என்ன செய்ய? ஒரு கீயும் வேலை செய்யலியே. இன்னும் வேலையிலயே சேரல, அதுக்குள்ள என் கையப் பிடிச்சு முறுக்குத." அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "கடைசியா என்னத்த அமுக்கின?"

"பக்கம் முடிஞ்சதும் சேவ் பண்ணேன் சார். கண்ட்ரோல் எஸ்."

அவருக்கு அதிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த டொக்கு டொக்குச் சத்தம் நின்றது. எண்ணூர்க்காரி என் திரையைப் பார்த்தாள். பிறகு மேனேஜரின் கையைப் பார்த்தாள். பிறகு தன் முன்னால் இருந்த தாளில், தான் இன்னும் அடிக்க வேண்டியதைப் பார்த்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. தெரிந்ததை ஏன் சொல்வாள் என்பதும் சேர்ந்தே புரிந்தது. நான் அவள் இடத்தில் இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு அடித்துக்கொண்டேதான் இருந்திருப்பேன்.

மேனேஜர் கையை உதறி விடுவித்துக்கொண்டார். விரல் பட்டன்மேல் உட்கார்ந்தது.

"தே, இரு சார்" என்றாள் அவள். நாற்காலியோடு நகர்ந்து வந்து, என் குறுக்காகக் கையை நீட்டி, கண்ட்ரோலையும் க்யூவையும் சேர்த்து அழுத்தினாள்.

நான் அடித்த இரண்டாம் பக்கம் முழுவதும் மடை திறந்த மாதிரி கொட்டியது. வரிமேல் வரி, எண்மேல் எண். நாங்கள் திகைத்து நின்றபோது தட்டிய குப்பை எழுத்துகளும் கடைசியில் வந்து விழுந்தன. பிறகுதான் தெரிந்துகொண்டேன்: அந்தத் திரையில் கண்ட்ரோல் எஸ் என்றால் சேமி என்று அர்த்தமில்லை; அப்படியே நில் என்று அர்த்தம். க்யூ என்றால் போ. நிற்கும்போது அடிப்பதையெல்லாம் அது காட்டாமல் உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். பட்டனை அழுத்தி நிறுத்தியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

மேனேஜர் குப்பையை அழித்து, ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். பிரிண்டர் கீச்சுக் கீச்சென்று இழுத்து முடித்தது. தாளைக் கிழித்து வாசலுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு என்னைப் பார்த்து, "நாளைக்குக் காலைல வந்திரு" என்றார்.

"சார், திரையை எழுப்பினது அவங்கதான்" என்றேன்.

"எனக்கு அடிக்கத்தான் ஆளு வேணும். மிசினைப் பாக்க ஹெட் ஆபீஸ்ல ஆளு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் வாசலுக்குப் போய்விட்டார். அந்த ஹெட் ஆபீஸ் ஆள் இதைப் பற்றி அவருக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால் என்னவாம். எனக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமும் ஆத்திரமும் வந்தன. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியவில்லை. எண்ணூர்க்காரி அதற்குள் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

நெடுஞ்சாலை வரை ஓடித்தான் அவளைப் பிடித்தேன். நிழலில்லாத பஸ் ஸ்டாப். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. அந்த லாரிகளில் சில என் தாளை வாங்கிக்கொண்டு போனவையாகக்கூட இருக்கும். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும் அது?" என்று கேட்டேன்.

"நான் கத்துக்கின எடத்துல இந்தக் கறுப்பு மிசின்தான். மொத வாரம் நானும் இதே மாதிரி நிறுத்திட்டு அழுதுகினு குந்தியிருந்தேன்."

"என் திரை நின்னுபோனது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. நீ அடிக்கிற சத்தம்தான் கேட்டுக்கினே இருந்துச்சு. மழை மாதிரி அடிக்கிறா, இன்னிக்கு நமக்கு ஊத்திக்கிச்சுன்னு நெனச்சேன். அப்பால நீ எஸ்ஸுன்னு சொன்னப்பதான் தெரிஞ்சுது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். தூரத்தில் எண்ணூர் பஸ் வருவது தெரிந்தது. கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. கேட்காமல் வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது.

"நீ சும்மா இருந்திருந்தா இந்த வேலை உனக்குத்தான் கெடச்சிருக்கும்."

"ஆமா. கெடச்சிருக்கும்."

"அப்புறம் ஏன் அமுக்கின?"

அவள் பஸ்ஸுக்குக் கை காட்டினாள். பஸ் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நின்றது. ஓடிப் படியில் காலை வைத்துவிட்டுத் திரும்பிச் சொன்னாள்.

"கெடச்சுட்டு இன்னா பண்றது? தெனிக்கும் அந்தச் சேர்ல குந்திக்கினு அந்த க்யூவைப் பாத்துக்கினே இருக்கணுமே."

பஸ் கிளம்பிவிட்டது. மறுநாள் காலையில் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவள் நான். அன்றிலிருந்து போன மாதம் வரை அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளும் நான்தான்.